ஒன்பதாவது விதிக்கு ஒரு நன்றியுரை

நான்கு பேச்சுகளைக் கேட்ட பிறகும் கண் மூடாமல் வீற்றிருக்கும் அவைத்தலைவர் அவர்களே, ஆண்டறிக்கையை ஒரே மூச்சில் வாசித்து முடித்து முகம் துடைத்துக்கொண்டிருக்கும் செயலாளர் தம்பி அவர்களே, பேருந்துகளைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்துக் கைரேகை தேய்ந்துபோன பணிமனைப் பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு பின்வரிசையில் ஒதுக்கப்பட்ட என் தாய்மார்களே, சகோதரிகளே, முன்வரிசை முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும் சீட்டாட்டச் சிங்கங்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நன்றியுரை சொல்ல என்னை அழைத்தார்கள். மேடையில் பேருக்கு ஒரு பெண் வேண்டும். எல்லோரும் எழுந்து செருப்பைத் தேடும் நேரத்தில் பேசுவதற்கு எங்களைவிட்டால் யார் இருக்கிறார்கள்? நான் தையற்காரி. இந்த மனமகிழ் மன்றத்து உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் காக்கிச் சட்டை தைத்தவள். உங்கள் இடுப்பளவு வருஷத்துக்கு வருஷம் வளர்ந்த கதை முழுக்க என் நோட்டில் இருக்கிறது. இன்று உங்கள் நெஞ்சளவைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறேன், ஆகவே யாரும் செருப்பைத் தேட வேண்டாம்.

என் கணவரை உங்களுக்குத் தெரியும். எஞ்சின் பிரிவு மெக்கானிக். போன வருஷம் தொண்டையில் கட்டி வந்து, அறுவை செய்து, உயிர் மிஞ்சியது, குரல் போயிற்று. காது கேட்கிறது, கை வேலை செய்கிறது, கணக்கு மறக்கவில்லை. குரல் ஒன்றுதான் இல்லை. மருத்துவமனையிலிருந்து வந்த மனிதர் மூன்றாம் நாளே சட்டையை மாட்டிக்கொண்டு எங்கே கிளம்பினார்? கோயிலுக்கா, குளத்துக்கா? இந்த மன்றத்துக்கு. ஸ்டோர் கீப்பர் அண்ணனுக்கு ஜோடியாக, அவருக்கு நேர் எதிரே பதினெட்டு வருஷமாக உட்கார்ந்து இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடிய அந்த நாற்காலிக்கு.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். துணி வெட்டும் மேஜையில் என் மார்க்கிங் சாக்குக்கட்டியை எடுத்து எழுதினார்: "எடம் இல்லியாம்."

இடம் இல்லை. இருநூறு பேர் அமரும் கூடத்தில், எட்டு மேஜை போட்ட கூடத்தில், இந்த ஒரு மனிதர் உட்கார இடம் இல்லை. நான் நேரே ஸ்டோர்க்கார அண்ணனிடம் போனேன். "தப்பா நெனக்காதம்மா," என்றார். "வாய் பேசாதவனை எதிர்ல வச்சுக்கிட்டு நான் எப்பிடி ஆடறது?"

பெரியோர்களே, அப்போது எனக்குச் சீட்டு தெரியாது. ஆஸுக்கும் ஜாக்கிக்கும் வித்தியாசம் தெரியாது. இவர் சொல்வதில் ஏதோ நியாயம் இருக்கும் என்று நம்பித் தலையாட்டிவிட்டு வந்தேன். தெரியாதவளை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் பார்த்தீர்களா? அந்தக் கோபத்தில்தான் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

நான்கு பேர் வேண்டும். நாத்தனாரையும் அவள் மகளையும் பிடித்து உட்கார வைத்தேன். அவர்கள் இருவரும் ஒரு ஜோடி, நானும் இவரும் ஒரு ஜோடி. வெட்டு மேஜையே சீட்டு மேஜை, சாக்குக்கட்டியே வாத்தியார். ஜாக்கிக்கு மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. "அண்ணா, ராஜா ராணிக்கு எவ்வளவு?" என்றாள் நாத்தனார். இவர் பெரிய பூஜ்யமாகப் போட்டார். "அப்ப இது நல்ல ஆட்டம்தான்," என்றாள் அவள். நான்கு இனத்துக்கும் கூட்டினால் இருபத்தெட்டு. பதினான்கிலிருந்து ஏலம். ஏலம் கேட்கிறவர் எத்தனை புள்ளி எடுப்போம் என்று எண்ணைச் சொல்ல வேண்டும், மற்ற இனங்களை வெட்டும் துருப்பு இனத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும், சொன்னதை எடுத்துக் காட்ட வேண்டும். இவர் எண்ணைச் சாக்கால் எழுதினார். குருடர் தவிர எல்லோருக்கும் தெரிந்தது.

முதல் வாரம் நான் செய்த கூத்தைச் சொல்கிறேன், சிரியுங்கள். நாத்தனார் கிளாவர் இறக்கினாள். இவர் கிளாவர் ஜாக்கியைப் போட்டார். அதற்கு மேல் சீட்டே கிடையாது. மகள் ஏதோ ஒன்றைப் போட்டாள். கடைசிச் சீட்டு என்னுடையது. என்னிடம் கிளாவர் இல்லை. கையில் துருப்பு இருக்கும்போது சும்மா இருக்க முடியுமா? ஓங்கிப் போட்டு வெட்டினேன். ஜெயித்துவிட்டேன் என்று கையைத் தட்டவும் செய்தேன். இவர் என்னையே பார்த்தார். பிறகு எழுதினார்: "நான் ஜெயிச்சதை நீ ஏன் வெட்டற? ஒங்கிட்ட இருக்கற நல்ல சீட்டை எனக்குப் போடு."

யாரய்யா அங்கே சிரிப்பது, முன்வரிசையிலா? சிரியுங்கள். ஒரு வாரம் பழகிய தையற்காரி தெரியாமல் தன் ஜோடி ஜெயித்த பிடியை வெட்டினாள். பதினெட்டு வருஷம் பழகிய மேதை தெரிந்தே தன் ஜோடியை வெட்டினார். இதில் யார் ஆட்டம் தெரியாதவர்? அவர் கையிலும் ஒரு நல்ல சீட்டு இருந்தது. "வாடா, உட்காரு" என்ற இரண்டு வார்த்தை. அதைப் போட என்ன கேடு?

சரி, ஆட்டம் பழகிவிட்டது. இனி இந்த மன்றத்து மகாராஜாக்கள் ஆடும் அழகைப் பார்ப்போம் என்று ஒரு சாயங்காலம் வந்து மேஜை அருகே நின்றேன். அடடா, என்ன ஆட்டம், என்ன நாட்டியம். காதைத் தடவினால் ஜாக்கி. மூக்கை உறிஞ்சினால் ஒன்பது. ஒரு செருமலுக்கு ஓர் அர்த்தம், இரண்டு செருமலுக்கு வேறு அர்த்தம். "மழை வரும் போல இருக்கே" என்றால் துருப்பு இருக்கிறது, "வீட்ல தேடுவாங்கப்பா" என்றால் இல்லை. பேசக்கூடாத ஆட்டத்தில் இவர்கள் பேசாத பேச்சு இல்லை. அப்போதுதான் ஸ்டோர்க்கார அண்ணனின் துக்கம் எனக்கு விளங்கிற்று. வாயால் ஆடுகிறவருக்கு வாயில்லாத ஜோடி எதற்கு? ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இங்கே கூடம் நேராகத்தான் இருக்கிறது.

பிறகு இந்த ஆண்டுவிழாப் போட்டிக்கு நாங்கள் இருவரும் பெயர் கொடுத்தோம். பலகையில் ஒட்டினார்கள். மறுநாள் சிவப்பு மையில் அடித்திருந்தது. செயலாளர் தம்பியிடம் கேட்டேன்.

"அக்கா, ரூல்னா ரூல்தான். ஏலம் வாயால கேக்கணும். ஒம்பதாவது விதி."

"எங்க இருக்கு தம்பி அந்த விதி?"

"விதிப் புத்தகத்துலக்கா."

"புத்தகம் எங்க?"

தம்பி தலையைச் சொறிந்தார். தலைவருக்குத் தெரியவில்லை. முன்னாள் தலைவருக்குத் தெரியவில்லை. உறுப்பினராகச் சேர்ந்த நாளிலிருந்து ஒருவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. கடைசியில் எங்கே கிடைத்தது தெரியுமா, தாய்மார்களே? அந்த மூலையில் இருக்கும் கேரம் மேஜைக்கு ஒரு கால் குட்டை. ஆடாமல் இருக்க அடியில் மடித்து வைத்திருந்தார்கள். உங்கள் விதிகள் இந்த மன்றத்துக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

இதோ, என் கையில் இருக்கிறது. தூசி தட்டி, கிழிசலைத் தைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். எண்ணிப் பார்த்தேன். ஒரு முறை அல்ல, மூன்று முறை எண்ணினேன். எட்டு விதிகள்தான் இருக்கின்றன. கடைசி விதி, ஆட்டத்தின்போது ஜோடிக்குச் சொல்லாலோ சைகையாலோ குறிப்புக் காட்டுகிறவர் அன்றைய ஆட்டத்திலிருந்து விலக்கப்படுவார் என்கிறது. அந்த விதியை அமல்படுத்தினால் இந்த முன்வரிசையில் எத்தனை நாற்காலி மிஞ்சும்?

தலைவர் அவர்களே, உங்களை மரியாதையோடு கேட்கிறேன். ஒன்பதாவது விதியை இந்தப் புத்தகத்தில் காட்டுங்கள். காட்டினால் இதே ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்குகிறேன். வாங்கிப் புரட்டுங்கள். அவசரம் இல்லை. கண்ணாடி வேண்டுமா?

தலையை ஆட்டுகிறார். இல்லை என்கிறார். பின்வரிசைக்குத் தெரிந்ததா? இல்லை என்கிறார். கைதட்டலை வைத்துக்கொள்ளுங்கள், அம்மா, நான் இன்னும் நன்றி சொல்லவில்லை.

நன்றி. ஒரு மனிதரின் குரல் போனதும் அவர் பெயரையும் அடித்த சிவப்புப் பேனாவுக்கு நன்றி. பார்க்க வராமல், நலம் விசாரிக்காமல், விதி மட்டும் கண்டுபிடித்த நண்பர்களுக்கு நன்றி. நீங்கள் இடம் கொடுத்திருந்தால் நான் இந்த ஆட்டத்தைக் கற்றிருக்கவே மாட்டேன். என் வீட்டுக்காரர் மனதில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லாமல் தெரிந்துகொள்ளவும் பழகியிருக்க மாட்டேன். அதற்காக மட்டும் மெய்யாகவே நன்றி.

இப்போது கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். நான் பேச ஆரம்பித்தபோதே அவர் எழுந்து போய்ப் பழைய மேஜையில், பழைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சீட்டைக் கலைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வேலை இருக்கிறது, போகிறேன். இரண்டு நாற்காலி காலி. தோற்கத் துணிந்த இருவர் வரலாம்.

ஸ்டோர்க்கார அண்ணனும் எழுந்திருக்கிறீர்கள் போலிருக்கிறதே. வாருங்கள், தாராளமாக வாருங்கள். ஆனால் அண்ணே, அவருக்கு நேரே இருக்கிற நாற்காலி என்னுடையது. நீங்கள் அவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். இந்த ஆட்டத்தில் பக்கத்தில் உட்காருகிறவர்தான் எதிராளி என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவைக்கு என் வணக்கம்.