நஞ்சப்பன் வயிற்றுக்குள் குடியிருப்போர்

கொழிஞ்சாம்பாறை வாசகசாலை விழாவுக்குத் தலைமை தாங்கி, நான் தொடங்குமுன்பே கடிகாரத்தைப் பார்க்கும் பெருமதிப்பிற்குரிய ஈஸ்வரமூர்த்தி அவர்களே! முன்வரிசையை முந்திப் பிடித்த மூத்தோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அணிதிரண்டு வந்த அன்னையர்களே! வணக்கம்.

இன்று நான் பேச வந்தது வயிற்றைப் பற்றி. சிரிக்கிறீர்களா? உங்களில் எவருக்கு வயிறில்லை? மூன்றாம் வரிசையில் மீசையை முறுக்கும் நஞ்சப்பன், "என்ற பேரைச் சொல்லியே பேசுங்க டாக்டரம்மா, நாலு பேருக்குப் புத்தி வரட்டும்" என்று உத்தரவே கொடுத்துவிட்டார்.

எழுபத்துமூன்றாம் ஆண்டில் அவருக்குக் காய்ச்சல். கடையில் தாமே கிருமிக்கொல்லிக் கேப்சூல் வாங்கி விழுங்கினார். காய்ச்சல் ஐந்தாம் நாளே ஓடிப்போனது. கேப்சூல் மட்டும் ஒரு மாதம் ஓடியது! அந்த மாதத்தில்தான் தங்கை கமலாத்தாள் வீட்டில் விருந்துண்டார். பிறகு வயிறு உப்பியது, வலித்தது; ஒருநாள் ஓடவைத்தது, மறுநாள் அடைத்துக்கொண்டது. பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினால் பாதி வழியில் இறங்கினார்.

என்ன முடிவுக்கு வந்தார் தெரியுமா? தங்கை சோற்றில் மருந்து வைத்துவிட்டாளாம்! தாயத்துக் கட்டினார். இரண்டாண்டு அவள் வாசலை மிதிக்கவில்லை. அவள் மகளின் சீருக்குத் தாய்மாமன் போகவேயில்லை. இதற்கு யாரும் சிரிக்கவில்லையே, நல்லது.

கடைசியில் என்னிடம் வந்தார். சோதித்தோம், புண்ணுமில்லை, புழுவுமில்லை. கேப்சூல் கதையைக் கேட்டேன். நம் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. செரிமானத்துக்குத் துணை நிற்கின்றன, தீய கிருமிகளுக்கு இடங்கொடுக்க மறுக்கின்றன. கேப்சூலுக்கு நல்லவை எவை, கெட்டவை எவை என்று தெரியுமா? தெரியாது! அந்தக் குடியிருப்பு குலைந்ததால் குடல் தொட்டதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிறதோ என்று ஐயுறுகிறேன். முழுவதும் அறிந்தோமா? இல்லை.

"மருந்து வெச்சது நீங்களேதான்" என்றேன்.

கட்டியிருந்த தாயத்தைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப அவளை நான் சொன்னதெல்லாம்...?" என்றார்.

மறுநாள் காலையிலேயே போனார்.

"ஏனுங்கண்ணா, இன்னைக்குத்தான் என்ற ஊடு கண்ணுக்குத் தெரிஞ்சுதுங்களா?" என்றாள் கமலாத்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன் கண்ணு. ஒரு வாய் சோறு போடு."

"பயமில்லீங்களா?"

"உன்ற கையாலயே உருட்டிக் குடு."

அழுதுகொண்டே மோர்ச்சோறு பிசைந்து கொடுத்தாள். சாப்பிட்டு முடிக்குமுன் அண்ணனின் வயிறு கடமுட என்றது. இருவரும் சிரித்துவிட்டார்களாம்.

முற்றும் குணமானாரா? இல்லை. இப்போதும் சில நாள் படுத்துகிறது. ஆனால் யாரையும் பழிப்பதில்லை. வயிறு வலிக்கிறதா? வைத்தியரிடம் வாருங்கள்! வாதாடுங்கள்! வேண்டுமானால் என்னை வையவும் செய்யுங்கள்! ஆனால் உங்களுக்காகச் சோறு பிசைந்த கையின்மீது மட்டும் பழி போடாதீர்கள்!

பொறுமையாகக் கேட்ட செவிகளுக்கு நன்றி. பசியோடு காத்திருக்கும் வயிறுகளுக்கு என் வணக்கம்.