படுத்துக் கிடந்த கோடு

இல்ல பௌஸி நானா, கம்பியூட்டர்ல பிழை இல்ல எண்டு நீங்க சொன்னா நான் நம்புறன். ஆனா நூற்றிப்பதினெட்டில இருந்து நூற்றியிருபத்தாறுக்குப் போன ஒரு ரத்தச் சீனியை, சிவனொளிபாதமலை மாதிரிக் கீறிக் காட்டுறது என்ன நியாயம், சொல்லுங்கோ பாப்பம்?

எல்லாம் மகள் ரொஷேலின்ட வேலை. போன முறை கனடாவில இருந்து வந்தவள், அம்மா செத்தாப் பிறகு அப்பா தனிய எண்டு இந்த டேட்டாபேஸைப் போட்டு விட்டிட்டுப் போனவள். விரலைக் குத்துற மெஷினுக்கு ஒரு வயர். குத்தினாச் சரி, நம்பர் தானா உள்ளுக்க போய்க் கோடாக் கீறுப்படும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து படத்தை அவளுக்கு அனுப்போணும். அனுப்பினா? உடன கோல். "அப்பா, என்ன சாப்பிட்டீங்க?" ஒரு பணிஸ், பிள்ளை. "ஒண்டுதானா?" ஐயோ நானா, நான் ஹாபர்ல வேலை செய்யேக்க கஸ்டம்ஸ்காரன்கூட என்னை இப்பிடிக் கேட்டதில்ல! இதில பக்கத்து வீட்டு ஐறீன் வேற, காலமை காலமை பாவக்காய்த் தண்ணியோட வந்து நிக்கும். அந்த மனுசி ஒரு கதை...

சரி, சரி, விசயத்துக்கு வாறன். கொஞ்சம் தண்ணி இருக்குமா நானா? கொண்டந்த போத்தல் முடிஞ்சுது. இந்தக் கிழமை முழுக்க ஒரே தாகம், சீ, என்ன வெயில்!

பொறுத்துப் பாத்தன். பிறகு படத்தின்ட கரையில இருக்கிற நம்பர்ல ரெண்டு தரம் கிளிக் பண்ணினன், ஒரு பெட்டி வந்துது. மினிமம், மெக்ஸிமம். பக்கத்தில ஓட்டோமெட்டிக் எண்டு ஒரு சரி அடையாளம். அந்தச் சரியை எடுத்துப்போட்டு, மெக்ஸிமத்தில மூவாயிரம் எண்டு அடிச்சன் பாருங்கோ... கோடு அப்பிடியே அடியில படுத்திட்டுது! எழும்பவேயில்ல. அவளும் ட்ரெயின்ல போகேக்க ஃபோன்லதானே பாக்கிறவள், கரையில உள்ள சின்ன நம்பர் ஆருக்குத் தெரியும்? "வெரி குட் அப்பா, நல்ல ஸ்டெடி" எண்டாள். ரொஷேலின்ட வாயால வெரி குட்!

எனக்கும் நிம்மதி. நம்பரை ஆர் பாக்கிறது, நான் கோட்டைத்தான் பாக்கிறனான். நேரா இருக்குத்தானே? உங்கட வீட்டுக் கருப்பட்டி வட்டிலப்பம் ரெண்டு கோப்பை அடிச்சனான், கோடு அசையேல்ல. சீனிக்குப் போடுற குளிசையையும் பாதியாக்கினன். சுகமா இருக்கிற மனுசனுக்கு எதுக்கு முழுக் குளிசை?

சிரிக்காதீங்கோ. இனித்தான் இருக்கு. நேத்து கோல் எடுக்கிறாள். "அப்பா, உங்களை நினைச்சுப் பயந்துதான் கிறிஸ்மஸுக்கு டிக்கெட் போட்டனான். இப்ப நல்லாத்தானே இருக்கிறீங்க, அடுத்த வருசம் வாறன்." சரி பிள்ளை, வேலையைப் பார் எண்டிட்டு வச்சன். நத்தாருக்குப் புறூடர் கேக் வெட்டி நான் ஆருக்குக் குடுக்கிறது, ஐறீனுக்கா?

அதான் கம்பியூட்டரையே ஓட்டோவில தூக்கிப் போட்டுக்கொண்டு உங்கட ரிப்பேர் கடைக்கு வந்தனான். அந்தக் கோட்டைக் கொஞ்சம் எழுப்பி விடுங்கோ. அவள் டிக்கெட்டைக் கான்சல் பண்ண முதல் ஒருக்கா பயந்தாப் போதும். திரும்ப ஓட்டோமெட்டிக் போட்டாச் சரி எண்டுறீங்களா? போடுங்கோ, போடுங்கோ.

அட! நானா, நீங்க ஆள் கெட்டிக்காரன்! ஆனா இது கூடிப் போச்சு. இப்பிடி நெட்டுக்குத்தா ஏத்தினா அவள் மயங்கி விழுந்திருவாள். கொஞ்சம் இறக்குங்கோ.

என்ன, நீங்க ஒண்டும் ஏத்தேல்லையா?

கரையில என்ன போட்டிருக்கு? கண்ணாடி இல்லை, வாசிச்சுச் சொல்லுங்கோ... முந்நூற்றிப் பத்தா? இண்டைக்குக் காலமையா?

கையை எடுங்கோ நானா, அனுப்பிராதீங்கோ. சும்மா பயங்காட்டி, நத்தாருக்கு வா பிள்ளை எண்டு கேக்கத்தான் வந்தனான். மெய்யான வருத்தத்தைக் காட்டி வா எண்டு எப்பிடிக் கேக்கிறது?