எட்டு தங்கமும் ஒரு கபடியும்

“அவனைக் கபடி ஆடச் சொல்லுங்க. எட்டு தங்கம் வாங்கறானா பாக்கலாம்.”

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை போகும் காலை பஸ்ஸில், என் முன் சீட்டுப் பெண் கணவரிடம் சொன்னாள். அவர் கையில், ஒரே நீச்சல் வீரர் எட்டு தங்கம் வென்ற ஒலிம்பிக் செய்தி போட்ட பேப்பர். அவர்கள் மகள் கபடி உடுப்பில், தோழிகளோடு டிரைவர் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

“நீச்சல்ல ஒருத்தனே எட்டு வாங்கிட்டான். உம் பொண்ணு மூணு வருஷமா ஆடி ஒரே ஒரு மெடலு. அதுவும் ரெண்டாவது பரிசு.”

“நீச்சல்ல நூறு மீட்டருக்கு ஒண்ணு, எரநூறுக்கு ஒண்ணு, மல்லாந்து நீந்தினா ஒண்ணு, குப்புற நீந்தினா ஒண்ணு. கபடியில அப்படியா? ஏழு பேரும் முட்டி தேய ஆடி, கடைசி வரைக்கும் ஜெயிச்சாத்தான் ஒண்ணே ஒண்ணு.”

அவர் பேப்பரை மடித்து மடியில் வைத்தார்.

“போன தடவ தோத்துட்டு வந்தப்ப ஜாஸ்தியா திட்டிட்டனா?”

“ஜாஸ்திதான். அன்னிக்கு அவ சோறே தின்னல.”

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவர் மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

“உன் ஆட்டம் எத்தினி மணிக்கும்மா?”

“பத்து மணிக்கு. நீ மண்டிக்குப் போவணும்னியேப்பா?”

“மண்டிக்கு நாளைக்குப் போறேன்.”

அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

“ஏய், எங்கப்பா மேட்ச் பாக்க வராருடி!”