வெயிலில் நாவப்பழ நிறம்

நாவப்பழ நிறத்தில் கார் வைத்திருப்பவர்கள் அதை நிழலில் நிறுத்தக் கூடாது, மேடம். நிழலில் அது வெறும் கறுப்பு. வெயில் பட்டால்தான் உள்ளே கிடக்கிற ஊதா மேலே எழுந்து வரும். என் மாமனார் இம்மானுவேல் சார் அந்த நிறத்துக்காகவே அந்தக் காரை வாங்கினார். பசுமலையில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒழுங்கான மனிதர்.

கல்யாணமான புதிதில் நான் முதல்முறை அதில் ஏறப் போனபோது, "ஒரு நிமிசம் மாப்ள, பேன்ட்டுல தூசி இருக்கும்" என்று சொல்லி, சீட்டின் மேல் பழைய பேப்பரை விரித்தார். மரியாதையாகத்தான் விரித்தார். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் விரித்தார். ஞாயிறு ஆராதனைக்குச் சலவைச் சட்டையில் போய் நின்றாலும் விரித்தார். என் மனைவி ஜெஸி உட்கார்ந்தால் பேப்பர் கிடையாது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கேட்டதால் சொல்கிறேன். நீங்கள் கேட்கவில்லையோ? சரி.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போயிற்று. காரை விற்றுவிடலாம் என்றேன். அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். வண்டி அவர் பெயரில் இருந்தது. "அவரு இருக்க வரைக்கும் கெடக்கட்டுங்க" என்றாள் ஜெஸி. அந்தப் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறக்கவும் இல்லை.

ஆனாலும் விசாரித்து வைப்பதில் தப்பில்லையே. திண்டுக்கல்லில் அழகுபாண்டி என்று ஒருவர் கேட்டார். ஷெட்டுக்குள் எடுத்த படத்தை அனுப்பினேன். உடனே போன் செய்தார். "அண்ணே, இது கறுப்பா, ஊதாவா? ஒண்ணும் வெளங்கல. நல்ல வெயில்ல வச்சு எடுத்து அனுப்புங்கண்ணே."

அடுத்த நாள் வண்டியைக் கழுவினேன். மாமனாரையும் அழைத்துப் போகிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாரே. ஜெஸிக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தன வருசத்துல இன்னைக்காச்சும் எங்கப்பாவ நெனச்சீங்களே" என்றாள். பின்சீட்டில் பேப்பர் விரித்து அவரை உட்கார வைத்தேன்.

அழகர்கோவில் போகிற வழியில் வறண்ட கண்மாய் ஒன்று இருக்கிறது. கரையில் வேப்பமரங்கள் உண்டு. ஆனால் இலை நிழல் விழுந்தால் பெயின்ட்டில் தேமல் மாதிரி தெரியும். அதனால் நடுக் கண்மாய்க்கு ஓட்டிப் போனேன். என்ஜினை நிறுத்தினேன். ஏசி ஓடினால் அடியில் தண்ணீர் சொட்டும். படத்தில் பார்க்கிறவன் ஆயில் ஒழுகுகிறது என்று நினைப்பான். கண்ணாடிகளை ஏற்றினேன். கண்ணாடி இறங்கிய கார் பல் போன வாய் மாதிரி இருக்கும். ஜன்னலில் ஆள் தலை தெரிந்தால் பார்க்கிறவன் கண் அங்கேதான் போகும், அதனால் அவரைச் சீட்டிலேயே சாய்த்துப் படுக்க வைத்தேன். பின்கதவை உள்ளிருந்து திறக்க முடியாதபடி சைல்டு லாக் போட்டிருந்தது. அது என் யோசனை இல்லை. வழியில் கதவைத் திறந்துவிடுவார் என்று ஜெஸிதான் போடச் சொல்லியிருந்தாள்.

காலையிலோ சாயங்காலமோ எடுத்தால்தான் நிறம் உள்ளபடி வரும், கத்திரி நாளில் உச்சி வெயிலில் எதற்கு எடுத்தாய் என்று கேட்டீர்கள். நீங்கள் சொல்வது சரி. இளவெயில் நிறத்தை அழகாகக் காட்டும். ஆனால் கீறலை மறைத்துவிடும். வாங்குகிறவனிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பது என் கொள்கை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒச்சாயி என்ற அம்மாள் உங்களிடம் சொன்னதும் உண்மைதான். கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"உள்ள ஆளு இருக்காகளாப்பா?"

"எங்க மாமனாரு. தூங்குறாரு ஆத்தா."

"இம்புட்டு வெயிலுலயா? கண்ணாடியக் கொஞ்சம் எறக்கி விடுப்பா."

"இந்தா எறக்குறேன்" என்றேன். ஆடுகள் தள்ளிப் போயிருந்தன, அவரும் போய்விட்டார். ஒரு பக்கம்தான் முடிந்திருந்தது. பாதியில் நிறுத்தினால் சூரியன் நகர்ந்துவிடும். இரண்டு பக்கமும் இரண்டு நிறமாக வரும்.

பிறகு மெதுவாக, சுற்றிச் சுற்றி எடுத்தேன். திரும்பும்போது ஏசியை முழுசாக வைத்துத்தான் ஓட்டினேன். வீட்டு வாசலில் ஜெஸி கதவைத் திறந்து, "அப்பா, எந்திரிங்கப்பா" என்றாள். எத்தனை தடவை சொன்னாள் என்று தெரியாது. நான் ஷெட்டைத் திறக்கப் போயிருந்தேன்.

என் போனிலிருந்து நீங்கள் மீட்டு எடுத்திருக்கிற அந்த ஒரு படத்தைப் பற்றித்தான் கடைசியாகக் கேட்டீர்கள். இடது பக்கத்தை எடுத்தபோது பின்கதவுக் கண்ணாடியில் அவருடைய உள்ளங்கை தெரிந்தது. ஐந்து விரலும் விரிந்திருந்தன. தட்டிக்கொண்டும் இருந்தார், நல்ல கண்ணாடி, சத்தம் அவ்வளவாகக் கேட்கவில்லை. நான் போனை இறக்கிவிட்டுப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அந்தக் கை தானாக இறங்கும்வரை பொறுத்திருந்து, அதே இடத்திலிருந்து மறுபடி எடுத்தேன். முதலில் எடுத்ததை அழித்துவிட்டேன்.

நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை, மேடம். அதில் நிறம் சரியாக வரவில்லை.