வெள்ளன எந்திரிச்ச வினை

கேட்டியா தாயி, கேட்டியா? இப்ப பஸ்ஸு ஏறுறப்ப டீக்கடை பெஞ்சுல ஒருத்தன் சொன்னத? 'தங்கமாரியக்கா எந்திரிச்சு வாசத் தெளிச்சாத்தேன் நம்மூருச் சேவலுக்கே விடிஞ்சது தெரியும்'னு. எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுட்டான். கேட்டுருச்சு. வேற நாளா இருந்தா பெருமையா இருந்திருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஒனக்கும் எனக்கும் டிக்கெட்டு ஓசின்னாலும், ரெண்டு ரூவா குடுத்தாவது அத இன்னொருக்கா சொல்லச் சொல்லிக் கேட்டுருப்பேன். ஆனா இன்னைக்கு... இன்னைக்கு அந்தப் பேச்சு நெஞ்சுல முள்ளா குத்துது.

கொஞ்சம் அங்கிட்டு நகந்துக்கிறியா? ஆ, போதும் போதும். பைய மடியில வச்சுக்கிறேன், இதுல ஆஸ்பத்திரிக்குச் சுடுதண்ணி இருக்கு, கொட்டிரப் போவுது. நீ காலேஜுக்கா? அருப்புக்கோட்டையா? நல்லது, கடேசி வரைக்கும் தொணைக்கு ஆளு கெடச்சுச்சு. புஸ்தகத்த மூடி வையி, இந்த ரோட்டுல படிச்சா கண்ணுதேன் கெடும். இந்தா, இந்த ஊசியில நூலக் கோத்துக் குடு. நானும் குத்திக் குத்திப் பாக்குறேன், நூலு ஒரு பக்கம் போகுது, ஊசி ஒரு பக்கம் போகுது, பஸ்ஸு ஒரு பக்கம் போகுது.

பாத்தியா, ஒரே குத்துல கோத்துட்ட. சின்ன வயசுக் கண்ணு.

இது என்னன்னு பாக்குறியா? சட்டதேன். பெறந்த புள்ளைக்குப் போடுற சட்ட. நாடா வச்சது. என் நாத்தனா நாகஜோதிக்கு இன்னைக்கு விடிய பொம்பளப்புள்ள பெறந்துருக்கு. அருப்புக்கோட்டையில ஒரு ஆஸ்பத்திரியில. வகுத்தக் கிழிச்சுத்தேன் எடுத்தாக, ஆனா தாயும் புள்ளையும் சொகம். அவளுக்கு ரெண்டு தடவ தங்காமப் போச்சு தாயி. ரெண்டு தடவையும் நாந்தேன் கூட இருந்தேன். எங்க மாமியா போய்ச் சேந்து வருசம் ஆச்சு, அதனால அவளுக்கு ஆத்தாளும் நாந்தேன், மதினியும் நாந்தேன். திட்டு வாங்குறதுக்கும் நாந்தேன்.

எங்க வீட்டுல பெறந்த புள்ளைக்கு மொதத் துணி புதுசா போடக் கூடாது. ஒங்க வீட்டுலயும் அப்படித்தேனே? நல்லபடியா வளந்த புள்ள போட்ட பழசத்தேன் போடணும். அதுக்குன்னு இந்தச் சட்ட. எங்க வீட்டுக்காரு பெறந்தப்ப எங்க மாமனாரு வேட்டியில தச்சதாம். பெறகு நாகஜோதி போட்டா. பெறகு எம் புள்ளைக ரெண்டும் போட்டுச்சுக. தொவச்சுத் தொவச்சு அப்பளமாட்டம் ஆயிருச்சு. வெளிச்சத்துல புடிச்சா அந்தப் பக்கம் கண்டக்டரு மூஞ்சி தெரியும், பாரு.

அங்க என்னடான்னா, அவ மாமியா நரிக்குடியிலருந்து வந்து உக்காந்துருக்காக. கையில ஜிகுஜிகுன்னு ஒரு கவுனு. முழுக்கப் பூவு, குண்டூசியாட்டம் குத்துற லேஸு. அதப் போடுவோம்ங்கிறாக. இவ மாட்டேங்கிறா. 'எங்க மதினி சட்ட கொண்டாருவாக, அதப் போட்டாத்தேன் எம்புள்ள தங்கும்'னு மல்லுக்கு நிக்கிறா. புள்ள ஆஸ்பத்திரித் துண்டுக்குள்ள கெடக்கு. நான் இங்க ஊசியும் கையுமா கெடக்குறேன்.

என்ன ஆச்சா? எலி கடிச்சிருச்சு தாயி. முதுகுப் பக்கம் பாரு, ஓட்ட. எலிதேன். வேற என்ன?

எங்க வீட்டுல எலிக்கு மட்டும் ஒரு கொறையும் இல்ல. எனக்கு இருக்குற கொற அம்புட்டும் எலிக்கு இல்ல. நான் வெள்ளன எந்திரிப்பேன். எந்திரிக்காம? குழாயில தண்ணி வாரது எப்பன்னு அந்தக் குழாய்க்கே தெரியாது. வந்தா இருட்டோட வரும். எல்லாப் பொம்பளைகளும் கொடத்தத் தூக்கிட்டு வாரதுக்குள்ள நான் ட்ரம்ம ரொப்பிருவேன். பெறகு மாடு. பெறகு ஆட்டுக்குட்டிகளத் தொறந்து விடணும். பெறகு புள்ளைகளுக்குச் சோறு. சுகப்பிரியாவுக்குத் தயிருச்சோறு ஆகாது, மாதவனுக்குத் தயிருச்சோறு தவிர எதுவும் ஆகாது. எந்திரிச்சு வேல செய்யிறது கூட பரவால்ல தாயி. நான் வெள்ளன எந்திரிச்சேன்னு நானே ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறேன் பாரு, அதுலதேன் பாதி நாளு போகுது.

எங்க வீட்டுக்காரு கேப்பாக: 'நீ இம்புட்டு வெள்ளன எந்திரிக்கிறயே, ஏன் எந்த வேலையும் முடியவே மாட்டேங்குது?'  

வெடை எனக்குத் தெரியும். ஒனக்கு மட்டும் சொல்றேன். தண்ணி புடிச்ச பெறகும் மாடு எந்திரிக்கிறதுக்கு முன்னாடியும் கொஞ்ச நேரம் இருக்குல்ல, அது என் நேரம். அப்ப கிழிசல எடுத்து வச்சுருவேன். அடுக்களை வாசப்படியில உக்காந்து தச்சுட்டே இருந்தா, ஒருத்தரும் அம்மான்னு கூப்புட மாட்டாக, ஒருத்தரும் சட்னி எங்கன்னு கேக்க மாட்டாக. அந்த நேரத்துக்காக நான் எதையும் தைப்பேன். கிழியாததையும் தைப்பேன்.

சிரிக்காத, நெசந்தேன். எங்க வீட்டுல ஒட்டுப் போடாத துணி கெடையாது. கொசுவலைக்கு ஒட்டு. மாதவன் பள்ளிக்கூடப் பைக்குக் கொடத்துணியில ஒட்டு, அதான் மழைக்குப் புடிக்கிற கொட. ஜன்னல் தெரைக்கு என் கல்யாணச் சேலைக்கு உள்ள கட்டுன பாவாடையில ஒட்டு. அன்னைக்கு மாதவன் சொல்றான்: 'அம்மா, என் சட்டையில அப்பா வேட்டி இருக்கு, அத்த சேல இருக்கு, ஜன்னல் தெர இருக்கு, நாந்தேன் இல்ல'ன்னு. அவன் ஒரு பழைய கிரிக்கெட்டு பனியன் வச்சுருக்கான், நம்பரு போட்டது. நம்பர் ஏழு. கிழிஞ்சுச்சுன்னு குடுத்தான். நான் தச்சுக் குடுத்தேன். இப்ப அது நம்பர் ஒண்ணு. இன்னும் அதத்தேன் போட்டுட்டு ஓடுறான், அதுவேற! திட்டிக்கிட்டே போடுறான்.

கையில தச்ச துணி மேல எங்க வீட்டு ஆளுகளுக்கு ஒரு பிரியம் தாயி. வெளிய சொல்ல மாட்டாக. ஆனா பாத்துருக்கேன், பொட்டியில புதுசு மடிச்சது மடிச்சபடி கெடக்கும், ஒட்டுப் போட்டதத்தேன் தேடி எடுப்பாக.

எங்கிட்டு இருக்கோம்? இன்னும் கருவக்காடுதேன் ஓடுதா? சரி. இந்தப் பஸ்ஸு போற போக்குக்கு அந்தப் புள்ள நடந்து வந்து என்கிட்ட சட்ட வாங்கிக்கிரும்.

இந்தப் பக்கம் நுனியக் கொஞ்சம் புடிச்சுக்கிறியா? இது மாதவனோட பழைய சட்டத் துணி, இத வச்சு ஓட்டைய அடச்சுட்டா வேல முடிஞ்சுச்சு. அவனும் நல்லபடியா வளந்தவந்தேனே. வளந்ததுதேன் மிச்சம், ஒரு கொடம் தண்ணி தூக்க மாட்டான்.

என்ன தாயி, ஓட்டையவே பாத்துட்டு இருக்க?

எலிதேன்.

...இல்ல, நீ ஒண்ணும் கேக்கல.  ஆனா பாக்குற. எலி சதுரமாவா கடிக்கும்னு பாக்குற. நாலு மூலையும் நேரா, ஸ்கேலு வச்ச மாதிரி. ஆமா, எலி அப்படிக் கடிக்காது. கத்திரி புடிச்ச எலியா இருந்தாத்தேன் கடிக்கும். அந்த எலி ஒம் பக்கத்துல உக்காந்துருக்கு.

யாருகிட்டயும் சொல்லிராத.

இன்னைக்கு விடிய கரண்டு இல்ல. போன் வந்துச்சு, வலி கண்டுருச்சு, ஆப்ரேசன் பண்ணப் போறாகன்னு. எங்க வீட்டுக்காரு வண்டிய எடுத்துட்டு மொதல்ல கெளம்புறேன்னாக. எங்க, அந்த நீலச் சட்ட எங்கங்கிறாக. ஒரு நீலக்கட்டம் போட்ட சட்ட வச்சுருக்காக தாயி, கமிசன் கடைக்கு மக்காச்சோளம் கொண்டு போனாலும் அதுதேன், கோர்ட்டு கச்சேரின்னாலும் அதுதேன். அதப் போட்டுட்டுப் போனா எல்லாம் நல்லபடியா முடியுமாம். நான் தொடப் போனாலே 'பாத்து பாத்து'ம்பாக. பொறந்த புள்ளையத் தூக்குற மாதிரி தூக்கணும். தங்கச்சிக்கு இப்படின்னா அதப் போடாமப் போவாகளா?

எடுத்துப் பாத்தா கக்கத்துல கிழிசல். கை நொழையிற அளவுக்கு. மனுசன் கையத் தூக்கி டாக்டருக்குக் கும்புடு போட்டா வார்டே பாக்கும். 'வேற போட்டுட்டுப் போங்க'ன்னேன். போட மாட்டாக. சரி, நாந்தேன் இருக்கேனே, வெள்ளன எந்திரிக்கிற மகராசி! 'பல்லு வெளக்கிட்டு வாங்க, தச்சு வைக்கிறேன்'ன்னேன். செல்லுல டார்ச்சப் போட்டு வாயில கவ்விக்கிட்டேன். மெத்துன்னு ஒரு பழந்துணி கையில தட்டுப்பட்டுச்சு. கக்கத்துக்கு மெத்துன்னு இருந்தாத்தேன் உறுத்தாது. நறுக்குன்னு வெட்டுனேன். தச்சேன். என்னா தையலு தாயி! மெஷின் தோத்துச்சு. 'பாருங்க, ஒட்டுப் போட்டதே தெரியல'ன்னு பெருமை வேற. அவுகளும் போட்டுப் பாத்து, கைய ரெண்டு ஆட்டு ஆட்டிட்டுப் போயிட்டாக.

விடிஞ்ச பெறகு நாகஜோதிகிட்டருந்து போனு.  'மதினி, சட்ட'ங்கிறா. ஓடிப் போயி, நேத்துத் தொவச்சுக் காயவச்சு மடிச்சு வச்சத எடுத்தேன். விரிச்சுப் பாத்தா முதுகுல ஜன்னலு.

அப்படியே நின்னுட்டேன் தாயி. மாடு கத்துது, நான் நிக்கிறேன். ஆறு மணிக்கு எந்திரிக்கிற பொம்பளையா இருந்திருந்தா இதெல்லாம் நடந்துருக்குமா? வெளிச்சத்துல எந்திரிச்சிருந்தா கண்ணு தெரிஞ்சிருக்கும். அவுக பாட்டுக்குக் கிழிஞ்ச சட்டையோட போயிருப்பாக. வார்டுல நாலு பேரு பாத்துருந்தா என்ன, கக்கந்தேனே!

இப்ப நெலமையப் பாரு. சட்டையில முன்பக்கம் எம் மடியில. முதுகு, தாய்மாமன் கக்கத்துல, எனக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போயிருச்சு.

மொதல்ல எலின்னு சொல்லிரலாம்னுதேன் நெனச்சேன். ஒன்கிட்டச் சொல்லிப் பாத்தேன், எடுபடுதான்னு. எடுபடல. ஒன்கிட்டயே எடுபடலேன்னா நரிக்குடிக்காரவுககிட்ட எங்க எடுபடும்?

இந்தா, முடிஞ்சுருச்சு. நூலக் கடிச்சு விட்டா... இரு. இது ஏன் விரிய மாட்டேங்குது? இழுத்துப் பாரேன்.

அடிப் பாவி மக்கா. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேத்துத் தச்சுட்டேன். பள்ளத்துல பஸ்ஸு தூக்கிப் போட்டுச்சுல்ல, அப்பத்தேன். புள்ளைக்குத் தலை நொழையாது, கை நொழையாது. இதத் தலகாணியாத்தேன் வைக்கலாம். ஒனக்குச் சிரிப்பு வருது, சிரி. நானும் சிரிப்பேன், அழுகை முடியட்டும்.

பிரிச்சா துணி தாங்காது. அப்பளத்துல எத்தன தடவ ஊசி குத்த?

செல்லு அடிக்குது. அவதேன். எடுக்கவா? நீயே சொல்லு. எலின்னு சொன்னா, எம்புள்ளைக்கு வச்சத எலி கடிச்சிருச்சேன்னு அதையே நெனச்சு மறுகுவா. ரெண்டு தடவ பறிகுடுத்தவ, சகுனம் பாத்தே செத்துருவா. மதினி கிறுக்கு, மதினி வெட்டிட்டான்னா... கிறுக்குக்குச் சகுனம் கெடையாதுல்ல?

அலோ... ஆமாடி, பஸ்ஸுலதேன். வாரேன். நீ அதிகம் பேசாத. நான் பேசுறேன், நீ கேளு. சட்டைய நான் வெட்டிட்டேன்... இல்ல, கத்திரியாலதேன்... வேணும்னேவா வெட்டுவேன்? இருட்டுடி. கண்ணு தெரியல. பழந்துணின்னு நெனச்சு முதுகுல ஒரு துண்டு எடுத்துட்டேன்... நாகஜோதி? ஏடி... நாந்தேன்டி, என்னயத் திட்டு. நல்லாத் திட்டு. புள்ளைக்கு ஒண்ணும் இல்ல, எனக்குத்தேன் புத்தி இல்ல... என்ன செய்யிற, அழுவுறியா சிரிக்கிறியா? அப்படிக் குலுங்காத, தையலு பிரிஞ்சிரும்! ...அந்தத் துண்டா? எங்கயும் போகல. அங்கதேன் இருக்கு. ஒங்கண்ணன் நிக்கிறாகளா பக்கத்துல? கையத் தூக்கச் சொல்லு... எடது கை... அந்தா, பாத்தியா? அதேதேன்... ஒம் மாமியா என்ன சொல்றாக? ...சொல்லட்டும்... என்னடி சத்தம் அங்க? ம்... ம்... நெசமாவா?

தாயி... எங்க வீட்டுக்காரு பட்டனக் கழட்டி, அந்த நீலச் சட்டைய நர்ஸம்மா கையில குடுத்துட்டு, அத்தன பொம்பளைக நடுவுல வெறும் பனியனோட நிக்கிறாகளாம். புள்ளைய அதுல சுத்திட்டாகளாம்.