ம் கொட்டுற சத்தம்

இல்ல இல்ல, அந்தச் சேர் வேணாம் தம்பி, அதுக்கு ஒரு கால் ஆட்டம். இப்படி ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. டிஸ்க் எங்க போயிடப் போவுது, இதோ லேப்டாப்ல மாட்டித்தான் வச்சிருக்கேன். உங்க கைடு மேடம் காலைலயே போன் பண்ணிட்டாங்க, மெர்வின்னு ஒரு ஸ்காலர் வருவாரு, அவர்கிட்ட குடுத்துடுங்க சார்னு. நான்தான் மூணு மணிக்கு மேல வரச் சொன்னேன். அது ஏன்னு அப்புறம் சொல்றேன். காபி எடுத்துக்கங்க. நான் போட்டதுதான், கொஞ்சம் தண்ணியா இருக்கும். வீட்டம்மா சர்ச்சுக்குப் போயிருக்கா, சனிக்கிழமைன்னா பெண்கள் சங்கம்.

நீங்க என் பொண்ணைப் பாத்ததே இல்லையா? அவ போனதுக்கு அப்புறம்தான் சேந்தீங்களா. அப்ப டிபார்ட்மென்ட்ல அந்த ஜன்னலோரம் சீட்டு உங்களுக்குத்தான் குடுத்திருப்பாங்க. அட, அதுக்கு ஏன் மூஞ்சிய அப்படி வச்சுக்கிறீங்க? யாராவது உக்காரத்தான வேணும். ஜாஸ்மின் இருந்தா அவளே எந்திரிச்சு எடம் குடுத்திருப்பா.

அவ என்ன பண்ணான்னா, பம்மல், திரிசூலம் பக்கம் கல் குவாரில ஜல்லி உடைச்ச பொம்பளைங்க இருக்காங்கல்ல, இப்ப எல்லாருக்கும் வயசாயிடுச்சு, அவங்க வீட்டுக்கே போய் உக்காந்து பேச வச்சு வீடியோ எடுத்தா. எழுதுறது மட்டும் பத்தாதாம், வீடியோவும் தீசிஸ்ல ஒரு சாப்டராம். எங்க காலத்துல பி.எச்.டி.ன்னா தலகாணி சைஸ்ல ஒரு புக்கு, அதுக்கு ஒரு பைண்டிங், முடிஞ்சுது கதை. இவ ஸ்டாண்டு, மைக்கு, லைட்டுன்னு கல்யாண வீட்டுக்கு வீடியோ எடுக்கப் போறவ மாதிரி ஸ்கூட்டில கிளம்புவா. நாங்க கிண்டல் பண்ணுவோம், மொய் எழுதிட்டு வந்தியாடின்னு.

மேடம் வச்ச வீடியோ ட்ரெயினிங்ல முதல் ரூல் உங்களுக்கும் சொல்லியிருப்பாங்க. கேள்வி கேக்குறவங்க சத்தம் வரக்கூடாது, தலைய மட்டும் ஆட்டணும். சொன்னாங்கல்ல? இவளும் ஆட்டிப் பாத்தா. பம்மல்ல அருள்மேரின்னு ஒரு அம்மா, கொஞ்ச நேரம் பேசிட்டு டக்குனு நிறுத்திட்டாங்களாம். இன்னாம்மா, நான் செவுத்தாண்டயா பேசிக்கினு கீறேன், ம் கொட்டு, அப்பதான் கதை வரும்னு அதட்டியிருக்காங்க. இவளும் ம் கொட்டியிருக்கா. அவ்ளோதான், அந்தம்மா குவாரில வெடி வச்சது, புருஷனுக்குக் கால் போனது, மேஸ்திரிய ஜல்லிக் கூடையாலயே அடிச்சது, எல்லாத்தையும் கொட்டித் தீத்துட்டாங்க.

அதுலேர்ந்து எந்த வீடியோவப் பாத்தாலும் இவ ம். ஆளு தெரியமாட்டா, கேமராவுக்குப் பின்னாலதான் இருப்பா. துக்கத்துக்கு ஒரு ம், சிரிப்புக்கு ஒரு ம், அய்யய்யோ அப்புறம் என்ன ஆச்சுன்னு ஒரு ம். மேடம் நல்லாத் திட்டுனாங்க. எடிட்டிங்ல எடுத்துடறேன் மேம்னு சொல்லியிருக்கா.

எங்க எடுத்தா. அஸ்தினாபுரம் வழியா வந்துட்டு இருந்தா, நல்ல மழை. நீங்க பஸ்ஸ விட்டு எறங்குனீங்களே, அந்த ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல்தான். தண்ணி லாரி. பைல இருந்த டிஸ்க்குக்கு ஒரு கீறல் இல்ல தம்பி. ஆண்டவரே, இதை எடுத்துட்டு அவளை விட்டிருக்கக் கூடாதான்னு கேட்டேன். சும்மா கேக்கல, சண்டையே போட்டேன்.

காபி ஆறுது, குடிங்க.

அப்புறம் மேடம் வந்து, இது அரிய வேலை சார், ஆர்க்கைவ்ல ஏத்திடலாம், அவ பேரு எப்பவும் நிக்கும், சத்தத்தை மட்டும் கிளீன் பண்ணணும், வேற ஸ்காலரை வச்சுப் பண்ணிக்கிறோம்னாங்க. நான் விடல. நான் டெலிபோன்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன். லைன்ல கரகரன்னு கேக்குதுன்னு கம்ப்ளைன்ட் வந்தா கம்பத்துல ஏறி சரி பண்றதுதான் ஆயுசு பூரா என் பொழப்பு. என் பொண்ணு வேலைல இரைச்சலை எவனோ ஒருத்தன் எடுக்கறதா? நானே கத்துக்கறேன்னு அதே ட்ரெயினிங்ல போய் உக்காந்தேன். பசங்க என்னை ஸ்பெஷல் லெக்சர் குடுக்க வந்தவன்னு நெனச்சு எந்திரிச்சு குட்மார்னிங் சார்னாங்க. நான் பேனாவும் கையுமா கடைசி பெஞ்சுல போய் உக்காந்ததும் ஒரே சிரிப்பு.

கத்துக்கிட்டேன். தடுமாறித்தான். சத்தம் ஸ்க்ரீன்ல கோடாத் தெரியும் பாருங்க, அதுல அவ ம் ஒரு சின்ன எறும்புப் புத்து மாதிரி மேடாத் தெரியும். காதுல விழறதுக்கு முன்னாடியே கண்ணுக்குத் தெரிஞ்சுடும், இதோ அவ வரான்னு. அங்க வெட்டணும். ஒவ்வொண்ணா வெட்டுனேன்.

வெட்டி முடிச்சுட்டுப் போட்டுப் பாத்தேன். அருள்மேரி அம்மா ஒண்ணு சொல்லுவாங்க, நிறுத்துவாங்க, கேமராவுக்குப் பக்கத்துல பாப்பாங்க. சத்தமே இருக்காது. அப்புறம் லேசாச் சிரிச்சுட்டு மேல பேசுவாங்க. யாரைப் பாத்து சிரிக்கிறாங்க? எல்லாப் பொம்பளைங்களும் அப்படித்தான், பேசறாங்க, நிறுத்தறாங்க, பாக்கறாங்க, சிரிக்கறாங்க. சத்தம் இருந்தவரைக்கும் அவ வீடியோல இருந்தா. சத்தத்தை எடுத்ததும் இந்த ரூம்ல வந்து உக்காந்துட்டா. எனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

என்ன தம்பி, நீங்களும் தலைய மட்டும்தான் ஆட்டுறீங்க? நல்ல ட்ரெயினிங்.

வெட்டுன துண்டுங்க மிச்சம் இருந்துச்சு. டெலீட் பண்ணலாம்னா கை வரல. பெத்த பொண்ணு சத்தத்தை எந்தக் குப்பைல போடறது? எல்லாத்தையும் பொறுக்கி, ஒண்ணு பின்னால ஒண்ணா, நடுவுல கொஞ்சம் கொஞ்சம் கேப் விட்டு, ஒரே ஃபைலாச் சேத்தேன். கேப் எதுக்கு விட்டேன்னு அப்ப எனக்கே தெரியாது.

சரியா ஓடுதான்னு ஸ்பீக்கர்ல போட்டு விட்டேன். தபீதா, என் சம்சாரம், அடுப்படில பீன்ஸ் நறுக்கிட்டு இருந்தா. அந்தப் பக்கமே திரும்பிக்கிட்டு, நைட்டுக்கு தோசை ஊத்திடவான்னு கேட்டா. என்னைத்தான் கேட்டா. இங்கேர்ந்து ம்னு வந்துச்சு.

பீன்ஸ் நறுக்கற கத்தி நின்னு போச்சு. கத்துவா, மயங்கி விழுவான்னு பயந்துட்டேன். அவ திரும்பவே இல்ல. ரொம்ப மெதுவா, தேங்காச் சட்னி போதுமாடின்னா. கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் ம்.

அன்னிலேர்ந்து அந்த ஃபைல் இந்த வீட்ல ஓடாத நாள் கிடையாது. தலை வலிக்குதாடி? ம். கொஞ்சம் படுத்துக்கறியா? ம். தட்டு மூணு வைக்கிறா. யார்கிட்ட ஆன்ட்டி பேசறீங்கன்னு பக்கத்து வீட்டு ஆஷா கேட்டதுக்கு, ஜாசு உள்ள எழுதிட்டு இருக்கான்னிருக்கா. அந்தப் பொண்ணு அதுலேர்ந்து இந்தப் பக்கமே வரதில்ல. இன்னிக்கு சங்கத்துக்குக் கெளம்பறப்பவும் செருப்ப மாட்டிக்கிட்டு, போய்ட்டு வரட்டுமாடின்னு கேட்டு, ம் வந்தப்புறம்தான் கேட்டைத் தொறந்தா. நீங்க வரீங்கன்னு அவகிட்ட நான் சொல்லல. அதுக்குத்தான் மூணு மணிக்கு மேல.

அவளை மட்டும் சொல்றேன் பாருங்க, நான் என்னமோ யோக்கியம் மாதிரி. பால் வாங்கிட்டு வந்தாலும் சொல்றேன், டாக்டர் பிரஷர் மாத்திரைய மாத்துனாலும் சொல்றேன். இந்தக் காபியக்கூட வரவருக்குக் குடுக்கட்டுமாம்மான்னு கேட்டுட்டுத்தான் போட்டேன். வெக்கமா இருக்கு. ஆனா அது ஓடறப்ப எனக்கு மூச்சு சீரா வருது தம்பி, இல்லன்னா வரதில்ல.

எல்லாம் இந்த டிஸ்க்லதான் இருக்கு. வெட்டாதது, வெட்டுனது, அந்த ஃபைலும். லேப்டாப்ல இருந்ததை அழிச்சுட்டேன், காப்பி எதுவும் வச்சுக்கல. ஆர்க்கைவ்ல ஏத்துவீங்களோ, பீரோல வச்சுப் பூட்டுவீங்களோ, தூக்கி மட்டும் போட்டுடாதீங்க. நானே போன் பண்ணி அழுதாலும் திருப்பித் தராதீங்க. தபீதா வந்து தேடுவா, என்னைக் கொன்னுடுவா. நான் பாத்துக்கறேன். அழட்டும். அடக்கத்தன்னிக்குக்கூட அவ அழல தம்பி, இன்னும் அழவே இல்ல.

எந்திரிச்சுட்டீங்களா? இருங்க, ஒயரைப் புடுங்காதீங்க. ஒரே ஒரு நிமிஷம். கேக்காமக் குடுத்தா எனக்கு மனசு ஆறாது. இந்தா... ஓடுது.

ஜாசு. அப்பா உன்னை மெர்வின்கிட்ட குடுத்து அனுப்பிடட்டுமாம்மா?

கொஞ்சம் பொறுங்க, உடனே வராது.

கேட்டுச்சா? ம்னுட்டா. அதுக்கு வேற எதுவும் சொல்லத் தெரியாதுன்னு எனக்கும் தெரியும். வேணாம்ப்பான்னு ஒரு தடவை சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டேன். எடுத்துக்கங்க தம்பி.