முந்திரிக்காட்டில் ஏறிக்கொண்டவள்

இரவு பதினொன்று இருக்கும். வடலூரிலிருந்து வடக்குத்து கிராமத்துக்கு வரும் சாலை... இரண்டு பக்கமும் முந்திரிக்காடு. நைட் ஷிப்ட் ஆட்கள் எல்லாரும் போய்விட்டார்கள். தூரத்தில் அனல்மின் நிலையத்தின் இரைச்சல் மட்டும்.

இது என் சிநேகிதன் ஜாஸ்பருடைய பெரியப்பா இன்னாசிராஜுக்கு நடந்தது. தொண்ணூற்றேழில். நிலக்கரிச் சுரங்கத்தில், கரி ஏற்றிப்போகிற பெல்ட்டை ஓட்டுகிற வேலை அவருக்கு.

மனைவி சகாயமேரிக்கு மாதக்கணக்காக மேல்வயிற்றில் வலி. ஸ்கேனில் கணையத்தில் ஒரு கட்டி தெரிந்தது. நீர்க்கட்டியாக இருந்தால் பயமில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று சி.டி. ஸ்கேன்தான் காட்டும் என்று பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் இன்னாசிராஜை மட்டும் கூப்பிட்டு, படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார்.

"வெறும் தண்ணி இல்லைங்க. உள்ள சதை வளர்ந்திருக்கு. பக்கத்து ரத்தக்குழாயையும் பிடிச்சிடுச்சு. இனிமே ஆபரேஷன் கஷ்டம்."

வெளியே வந்தவர் மனைவியிடம், "தண்ணிக் கட்டிதான் மேரி, மாத்திரையிலேயே கரைஞ்சிடும்" என்றார். அவள் சிரித்தாள்.

வடலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஸ்டாண்டில் போட்டிருந்த மொபெட்டை எடுத்தார். முந்திரிக்காடு தொடங்கியதும் அவள் தோளைத் தட்டினாள்.

"ஏங்க, நிறுத்துங்க... பாப்பா நின்னுக்கினு இருக்கு."

நிறுத்தினார். சாலையில் யாருமில்லை. அவர்களுக்கு ஒரே மகள், கிறிஸ்டினா. நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள்.

வண்டி லேசாக அழுந்தியது. பவுடர் வாசனை... முதுகில் அவர் சட்டையைச் சின்ன விரல்கள் கொத்தாகப் பிடித்தன. சில்லென்று.

திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. ஓட்டினார். பின்னால் மேரி கிசுகிசுவென்று பேசிக்கொண்டே வந்தாள். ம்... ம்... என்று கேட்டுக்கொண்டாள்.

"ஏங்க... அது தண்ணிக் கட்டி இல்லியாமே."

"யாரு... யாரு சொன்னா?"

"பாப்பாதான். அப்பாவைத் திட்டாதம்மான்னு சொல்லுது."

ஓரமாக நிறுத்தி, ஹேண்டில்பார்மேல் கவிழ்ந்து அழுதார். மேரியின் கை அவர் முதுகைத் தடவியது.

"அழாதீங்க. பாப்பா பயப்படுது. வாங்க, வூட்டுக்குப் போலாம்."

ஈஸ்டருக்கு முந்தின வாரம் மேரி இறந்துபோனாள். கடைசி ராத்திரி, வலியிலும் சுவரோரமாக ஒதுங்கி, பக்கத்தில் இடம் விட்டே படுத்தாள். விடிந்து அவளைத் தூக்கியபோது உடம்பு ஜில்லிட்டிருந்தது. அந்தக் காலியிடத்தில் இன்னாசிராஜ் கையை வைத்துப் பார்த்தார்.

சூடாக இருந்தது... இப்போதுதான் யாரோ படுத்து எழுந்த மாதிரி.